16 சதவீதம் கேட்டவர்: 'ரென்ட்' வழக்கு

'ரென்ட்' என்ற இசைநாடகத்தை எழுதியவர் யார்? சுவரொட்டியிலும் ஒலித்தட்டு உறையிலும் இதற்கு ஒரே பதில்தான் உண்டு: ஜோனதன் லார்சன். கதை-வசனம், பாடல்கள், இசை மூன்றும் அவருடையவை. 1996 நவம்பரில் இந்தப் பதிலை மறுத்து ஒருவர் நீதிமன்றத்துக்குப் போனார். பெயர் லின் தாம்சன்; நியூயார்க் பல்கலைக்கழகத்தில் நாடகம் எழுதக் கற்றுக்கொடுத்தவர். ஆசிரியருக்குச் சேரும் ராயல்டியில் 16 சதவீதம் தனக்கு வேண்டும் என்பது அவர் கோரிக்கை. 1997-இல் முதல் நீதிமன்றத்திலும் 1998-இல் மேல்முறையீட்டிலும் தோற்றார்.

தீர்ப்பு சட்டப்படி சரி என்றே நினைக்கிறேன். ஆனால் தீர்ப்போடு பேச்சை முடித்துக்கொள்பவர்கள் முக்கியமான ஒன்றைத் தவறவிடுகிறார்கள். நாடகத்தை முதலில் மேடையேற்றிய சிறு தியேட்டருக்குத் தேவைப்பட்டவர் கதை-வசனம் எழுதத் தெரிந்த இன்னொருவர். ஆசிரியர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. கடைசியில் அந்த வேலையின் ஒரு பங்கு வேறொரு பதவியின் பெயரில், 2,000 டாலர் சம்பளத்தில் நடந்து முடிந்தது. தகராறு முளைத்த இடம் இதுதான். நீதிமன்றம் இதை விசாரிக்கவில்லை, விசாரிக்க வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை.

மூவர் செய்யும் வேலை

வழக்குக்குள் போவதற்கு முன் இந்தத் தொழிலின் கணக்கு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கத் திரைப்படத்தில் எழுத்தாளர் பெரும்பாலும் கூலிக்கு எழுதுபவர். எழுதியது ஸ்டூடியோவின் சொத்து. மேடையில் நேர்மாறு. பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கும். தயாரிப்பாளர் அதை மேடையேற்றும் உரிமையை மட்டும் வாங்குகிறார். எழுதியவர் அனுமதி இல்லாமல் ஒரு வரியைக்கூட மாற்ற முடியாது. இந்த ஏற்பாட்டை 1920-களில் போராடிப் பெற்றது டிராமட்டிஸ்ட்ஸ் கில்டு என்ற நாடக ஆசிரியர் அமைப்பு. சொத்து கையில் இருப்பதற்கு ஒரு விலையும் உண்டு. சொத்துக்காரர் தொழிலாளி ஆகமாட்டார் என்பதால், நடிகர்களுக்கும் இசைக்கலைஞர்களுக்கும் இருப்பதுபோல் கூட்டுப்பேரம் பேசும் தொழிற்சங்க உரிமை நாடக ஆசிரியர்களுக்குக் கிடைக்கவில்லை. எழுதும் ஆண்டுகளுக்குக் கூலி கிடையாது. நாடகம் ஓடினால் வசூலில் பங்கு, ஓடாவிட்டால் ஒன்றுமில்லை.

அந்தப் பங்கு கதை-வசனம், பாடல், இசை என்று மூன்றாகப் பிரியும். சமமாகப் பிரிப்பதே பொது வழக்கம். மூன்றில் பார்வையாளர் கண்ணில் படாதது கதை-வசனம். பாட்டு நன்றாக இருந்தால் இசையமைப்பாளருக்குப் புகழ். நாடகம் இழுவையாக இருந்தால் பழி கதை-வசனக்காரருக்கு. எங்கே பாட்டு வர வேண்டும், எந்தப் பாத்திரம் எப்போது அறைக்குள் நுழைய வேண்டும் என்று தீர்மானிப்பவரும் அவரே. இசைநாடகங்கள் விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 'ரென்ட்'டும் 1994-இல் இங்கேதான் தடுமாறியது.

பங்கு பேசுவதில் இளையவர்கள் எவ்வளவு ஏமாளிகளாக இருப்பார்கள் என்பதற்கு இசைநாடக மேதை ஸ்டீபன் சோன்ட்ஹைம் தன்னையே உதாரணம் காட்டியதுண்டு. அவர் பாடல் எழுதிய 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' 1957-இல் மேடையேறியபோது அவருக்கு வயது 27. இசைக்கும் பாடலுக்கும் சேர்த்து 4 சதவீதம். அதில் 3 இசையமைப்பாளர் லெனார்ட் பெர்ன்ஸ்டைனுக்கு, 1 இவருக்கு. பாடலாசிரியர் என்ற இடத்தில் தன் பெயரையும் போடுவதாக இருந்த பெர்ன்ஸ்டைன் பெருந்தன்மையாக விலகிக்கொண்டு, ஆளுக்கு 2 சதவீதம் என்று மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். பெயர் கிடைத்ததே போதும் என்று சோன்ட்ஹைம் மறுத்துவிட்டார். அந்த வாயை அப்போது யாராவது பொத்தியிருக்கக் கூடாதா என்று பின்னாளில் அங்கலாய்த்துக்கொண்டார். அவருக்காவது பெயரும் 1 சதவீதமும் எழுத்தில் இருந்தன.

லார்சன், ஆரன்சன்

லார்சன் அதே சோன்ட்ஹைமின் ஊக்குவிப்பில் வளர்ந்தவர். 1960-இல் பிறந்தவர். நியூயார்க்கின் சோஹோ பகுதியில் மூண்டான்ஸ் டைனர் என்ற உணவகத்தில் ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் பரிமாறுபவராக இருந்துகொண்டு, மீதி நாட்களில் எழுதினார். ஆர்வெல்லின் '1984' நாவலைத் தழுவ அனுமதி கிடைக்காததால் சொந்தமாக ஓர் எதிர்காலக் கதையை 'சூப்பர்பியா' என்று எழுதினார். அது பரிசு பெற்றது, ஆனால் முழுத் தயாரிப்பாக மேடையேறவே இல்லை. இசைநாடகத்துக்கு எழுதும் பெரும்பாலானோரின் வாழ்க்கை இப்படித்தான் போகிறது: பரிசு, வாசிப்பு அரங்கு, பாராட்டு, மறுபடியும் உணவுத் தட்டு.

'ரென்ட்' யோசனை அவருடையதே அல்ல. புச்சினியின் 'லா போயெம்' ஆபராவை இன்றைய நியூயார்க்குக்குக் கொண்டுவரலாம் என்று 1989-இல் சொன்னவர் பில்லி ஆரன்சன் என்ற நாடக ஆசிரியர். இருவரும் சேர்ந்து சில பாடல்கள் எழுதினார்கள். பிறகு வேலை நின்றுபோனது. 1991-இல் லார்சன் அவரிடம் போய், இதை நான் தனியாகத் தொடரட்டுமா என்று கேட்டார். ஆரன்சன் சம்மதித்தார். மூலக் கருத்தும் கூடுதல் பாடல் வரிகளும் ஆரன்சனுடையவை என்ற குறிப்பு இடம்பெற வேண்டும் என்று முடிவானது. இன்று உலகில் எங்கே 'ரென்ட்' நடந்தாலும் அந்தக் குறிப்பு அச்சாகிறது. நாடகத்துக்கு ஒரு காசு மதிப்பும் இல்லாத காலத்தில் இருவர் பேசி முடித்துக்கொண்டதால் அங்கே வழக்கு எழவில்லை. இதை ஒட்டுமொத்த விவகாரத்தின் எதிர்ச்சான்றாகப் பார்க்கிறேன். தன் எல்லையைச் சொல்லிக் கேட்கவும், அடுத்தவர் பங்கை எழுதிக் கொடுக்கவும் லார்சனுக்குத் தெரிந்தே இருந்தது.

1995 கோடை

1992-இல் கிழக்கு 4-ஆம் தெருவில் உள்ள நியூயார்க் தியேட்டர் வொர்க்ஷாப் என்ற சிறிய அரங்கில் தன் பிரதியையும் பாடல் கேசட்டையும் லார்சன் கொடுத்தார். கலை இயக்குநர் ஜேம்ஸ் நிக்கோலாவுக்குப் பிடித்துப்போனது. 1993-இல் வாசிப்பு. 1994-இல் 45,000 டாலர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் பரிசு. அந்தப் பணத்தில் இலையுதிர் காலத்தில் மைக்கேல் கிரைஃப் இயக்கத்தில் ஒரு பயிலரங்குத் தயாரிப்பு நடந்தது.

பாடல்கள் எல்லோரையும் கட்டிப்போட்டன. கதை யாருக்கும் பிடிபடவில்லை. எட்டுப் பாத்திரங்களும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. கதை-வசனத்துக்கு ஓர் ஆளைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நிக்கோலா வற்புறுத்தினார். லார்சன் திட்டவட்டமாக, கோபமாகவே மறுத்தார். இந்த மறுப்பைக் கர்வம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. பத்து ஆண்டுகள் பரிமாறிக்கொண்டே எழுதியவருக்கு, கடைசிப் படியில் மூன்றில் ஒரு பங்கையும் தலைப்பில் ஓர் இடத்தையும் இன்னொருவருக்குக் கொடு என்று சொல்வது எப்படிக் கேட்டிருக்கும்?

நடுவழி ஒன்று கிடைத்தது. டிராமடர்க் ஒருவரை நியமிப்பது. நாடகத்தைப் படித்து, கேள்வி கேட்டு, கட்டமைப்பில் உள்ள ஓட்டைகளைக் காட்டி, ஆசிரியருக்கும் இயக்குநருக்கும் துணை நிற்பவர் டிராமடர்க். நூலுக்குப் பதிப்பாசிரியர் எப்படியோ, ஏறக்குறைய அப்படி. 1995 மே மாதம் தாம்சன் வந்தார்.

அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தம் தியேட்டரோடு, லார்சனோடு அல்ல. 1995 மே 1 முதல் 1996 பிப்ரவரித் தொடக்கத்தில் பத்திரிகையாளர்களுக்கான முதல் காட்சி வரை ஆசிரியருக்கும் இயக்குநருக்கும் நாடக ஆலோசனையும் ஆய்வு உதவியும் தர வேண்டும். ஊதியம் 2,000 டாலர். பெயர்க் குறிப்பு: 'டிராமடர்க்'. அவ்வளவே. அவர் ஒரு வரி எழுதினால் அது யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. ஒன்பது மாதங்களைக் கட்டிப்போடும் ஒரு தாளில் இந்த ஒரு வரி விடுபட்டிருக்கிறது. அதே தியேட்டர் லார்சனோடு செய்துகொண்ட ஒப்பந்தத்திலோ, ஆசிரியர் அவர் ஒருவரே என்றும், பிரதியில் நடக்கும் எல்லா மாற்றங்களுக்கும் அவர் ஒப்புதல் வேண்டும் என்றும், மாற்றங்கள் அவர் சொத்தாகும் என்றும் தெளிவாக எழுதியிருந்தது. இரண்டு தாள்களும் ஒரே அலுவலகத்தின் கோப்புகளில் இருந்தவை. ஒன்றைப் பார்த்து மற்றொன்றைத் திருத்த யாருக்கும் தோன்றவில்லை.

கோடை முழுவதும் லார்சனின் அடுக்ககத்தில் இருவரும் உட்கார்ந்து பிரதியைப் பிரித்துப் பிரித்துக் கோத்தார்கள். அக்டோபரில் வந்த வடிவம் முந்தைய ஆண்டினுடையதிலிருந்து வெகுவாக மாறியிருந்தது. இதை நீதிமன்றமும் ஏற்றுக்கொள்கிறது. கதை தெளிவானது. அந்த மாதமே லார்சன் உணவக வேலையை விட்டார்.

1996 ஜனவரி 25 அதிகாலை, முதல் முன்னோட்டக் காட்சி நடக்க வேண்டிய நாளில், பெருநாடி கிழிந்து லார்சன் இறந்தார். 36-ஆவது பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருந்தது.

பணம் வந்த பிறகு

பிப்ரவரி 13-இல் நாடகம் முறையாகத் தொடங்கியது. ஏப்ரலில் புலிட்சர் பரிசு. ஏப்ரல் 29-இல் பிராட்வேயில் நெடர்லாண்டர் தியேட்டர். ஜூனில் சிறந்த இசைநாடகம் உட்பட நான்கு டோனி விருதுகள். 2008 செப்டம்பரில் நிறுத்தும்வரை 5,123 காட்சிகள்.

பிராட்வேக்குப் போகும் முன் தாம்சன் கூடுதல் ஊதியம் கேட்டார். தயாரிப்பாளர்கள் 10,000 டாலரும் வாரம் 50 டாலரும் தர ஒப்புக்கொண்டார்கள். முதல் இரண்டு வரிசை இருக்கைகளை 20 டாலருக்கு விற்றுப் பேர்வாங்கிய நாடகம் அது. வாரம் 50 டாலரில் அந்தச் சலுகை டிக்கெட்டில் மூன்றுகூட வாங்க முடியாது. ராயல்டியில் பங்கு வேண்டுமென்றால் வாரிசுகளிடம்தான் கேட்க வேண்டும். லார்சனின் பெற்றோரும் சகோதரியும் 1 சதவீதம் தர முன்வந்தார்கள். பேச்சு முறிந்தது. வழக்கு வந்தது.

16 என்ற எண் எங்கிருந்து வந்தது? 1994 வடிவத்தோடு ஒப்பிட்டால் இறுதிப் பிரதியில் 48 சதவீதம் புதியது என்பது தாம்சன் தரப்பின் கணக்கு. அந்தப் புதுப் பகுதியில் தனக்குப் பாதி: 24. இசையில் தனக்குப் பங்கில்லை என்பதால் அந்த மூன்றில் ஒரு பகுதியைக் கழித்தால் 16. ஆசைக்கு வைத்த எண் அல்ல என்பதை இந்தக் கணக்கே காட்டுகிறது. ஆனாலும் அதில் ஒரு விபரீதம் ஒளிந்திருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி கூட்டாசிரியர் என்று ஒருவர் நிரூபித்துவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது பங்கு சமம். கேட்டது 16 ஆனாலும், அந்தஸ்து கிடைத்திருந்தால் சட்டத்தின் அளவுகோல் பாதிக்குப் பாதி. கூடவே, யாரையும் கேட்காமல் நாடகத்துக்கு உரிமம் வழங்கும் அதிகாரமும் வரும். நீதிமன்றங்கள் இந்தக் கதவை இறுக்கமாகப் பிடித்துக்கொள்வதற்கு இதுவே காரணம். கதவு தளர்ந்தால், ஒரு வசனத்தைத் திருத்திய நடிகரும், ஒரு காட்சியை வெட்டச் சொன்ன இயக்குநரும், நண்பருக்காகக் கையெழுத்துப் பிரதி படித்தவரும் பாதிச் சொத்துக்காரர் ஆகலாம். பயந்துபோன எழுத்தாளர்கள் யாரிடமும் காட்டாமல் எழுதுவார்கள்.

நீதிமன்றத்தின் வழி

நீதிமன்றம் கையில் எடுத்த அளவுகோல் 1991-இல் இதே மேல்முறையீட்டு நீதிமன்றம் 'சில்ட்ரெஸ் எதிர் டெய்லர்' வழக்கில் வகுத்தது. அதுவும் ஒரு நாடகத் தகராறுதான்: யோசனையும் ஆய்வும் தந்த நடிகை, எழுதிய நாடக ஆசிரியரோடு உரிமை கோரினார். கூட்டாசிரியர் ஆக இரண்டு வேண்டும். தந்தது தனியாகவே பதிப்புரிமைக்குத் தகுதியானதாக இருக்க வேண்டும். அடுத்து, இருவருமே ஒருவரையொருவர் கூட்டாசிரியர் என்று கருதி வேலை செய்திருக்க வேண்டும்.

முதல் தடையைத் தாம்சன் தாண்டினார். பொருட்படுத்தத்தக்க அளவில் பதிப்புரிமைக்குரிய எழுத்தை அவர் தந்திருக்கிறார் என்று விசாரணை நீதிபதி லூயிஸ் காப்லன் ஏற்றார். 'ரென்ட்' ரசிகர்கள் பலர் இதை மறந்துவிட்டு, தாம்சன் வெறும் கையோடு வந்து பணம் கேட்டதுபோலப் பேசுவதைப் பார்க்கிறேன். அவர் எழுதினார். வழக்கு விழுந்தது இரண்டாவதில்.

இறந்தவரின் மனத்தில் என்ன இருந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? அவர் விட்டுச்சென்ற தாள்களை வைத்துத்தான். எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்ற முடிவு முழுக்க லார்சன் கையில் இருந்தது. இது தனக்குத் தெரியும் என்று தாம்சனே ஒப்புக்கொண்டார். பிரதிகளின் முகப்பில் ஆசிரியர் என்று லார்சன் பெயர் மட்டும். நிகழ்ச்சி ஏட்டுக்காக, இறப்பதற்கு ஒன்பது நாள் முன் லார்சன் கொடுத்த தன்குறிப்பிலும் தன்னை ஆசிரியர், இசையமைப்பாளர் என்றும் தாம்சனை டிராமடர்க் என்றுமே குறிப்பிட்டிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, கதை-வசனத்துக்கு ஆள் வேண்டாம் என்ற பழைய மறுப்பு. எதைக் கொடுக்க மறுத்து அவர் சண்டையிட்டாரோ, அதையே சில மாதம் கழித்துப் பேசாமல் கொடுத்துவிட்டார் என்று நம்புவது கடினம்.

தாம்சன் பக்கத்தில் இருந்த வலுவான சான்று ஓர் உரையாடல். உங்கள் பங்களிப்பை எப்போதும் ஒப்புக்கொள்வேன், நீங்கள் எழுதியதை நான் எழுதியதாகச் சொல்லமாட்டேன் என்று லார்சன் சொன்னதாக அவர் சாட்சியம் அளித்தார். சொல்லியிருக்கலாம். நன்றியுள்ள எந்த எழுத்தாளரும் தன் பதிப்பாசிரியரிடம் சொல்லக்கூடியதே அது, கூட்டாசிரியர் அந்தஸ்துக்கு அது போதாது என்றது நீதிமன்றம். 1998 ஜூன் 19-இல் நீதிபதி கைடோ கலப்ரேசி எழுதிய மேல்முறையீட்டுத் தீர்ப்பு இதை உறுதிப்படுத்தியது.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. கூட்டாசிரியர் இல்லையென்றால், தாம்சன் எழுதியதாக நீதிமன்றமே ஒப்புக்கொண்ட அந்த வரிகள் யாருடையவை? அவர் அவற்றை யாருக்கும் எழுத்தில் மாற்றித் தரவில்லை. பதிப்புரிமை கைமாற எழுத்து வேண்டும் என்பது சட்டம். தன் வரிகளை எடுத்துவிடுங்கள் என்று அவர் சொன்னால்? கீழ் நீதிமன்றத்தில் எழுப்பப்படாத கேள்வி என்று சொல்லி மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. வென்றவர்கள் கையில் தீர்ப்பு இருந்தும் தலைக்குமேல் ஒரு கத்தி தொங்கியது. அந்த ஆண்டே இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன, தொகை வெளியிடப்படவில்லை. பள்ளிகளுக்கும் நாடகக் குழுக்களுக்கும் தரப்படும் உரிமத்தில் டிராமடர்க் லின் தாம்சன் என்ற வரி இன்றும் கட்டாயம் அச்சிட வேண்டியவற்றில் ஒன்று.

என் கணிப்பு

தாம்சனுக்குக் கூட்டாசிரியர் அந்தஸ்து கொடுத்திருந்தால் தவறாகியிருக்கும். எழுதுபவர்களின் ஒரே ஆயுதம் தங்கள் படைப்பு தங்களுடையது என்ற உறுதி; கூலியில்லாத பத்து ஆண்டுகளை அவர்கள் தாங்குவது அதை நம்பி. 1 சதவீதம் போதுமா என்பது வேறு விஷயம். என் பார்வையில் போதாது. 2 அல்லது 3 என்று ஒரு வக்கீல் முன்கூட்டியே பேசியிருந்தால் இருவரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

பொறுப்பு அதிகம் சேர வேண்டியது வேலையை ஏற்பாடு செய்த இடத்துக்கு. லாபநோக்கமற்ற சிறு அரங்குகள் இல்லாவிட்டால் லார்சன் போன்றவர்கள் மேடைக்கே வரமுடியாது. அந்த நன்றி இருக்கட்டும். ஆனால் கதை-வசனத்தில் குறை என்று தெரிந்தே, கதை-வசனம் எழுதத் தெரிந்தவரை, எழுதாத பதவியில் அமர்த்தினால், அவர் எழுதத்தான் செய்வார். எழுதினால் என்ன ஆகும் என்று அந்த நியமனத் தாளில் சொல்லியிருக்க வேண்டும்: வரிகள் ஆசிரியருக்குச் சேரும், அதற்கு ஈடாக இவ்வளவு பங்கு. நாடகம் ஓடாமல் போயிருந்தால் அந்தப் பங்கால் யாருக்கும் ஒரு பைசா செலவில்லை.

லார்சன் குடும்பம் அவர் நினைவாக ஓர் அறக்கட்டளை தொடங்கியது. அதன் நிதியுதவியை 2008 முதல் அமெரிக்கன் தியேட்டர் விங் வழங்கிவருகிறது. இன்னும் பெயர் வராத, வேறு வேலை பார்த்துக்கொண்டு எழுதுபவர்களுக்கு நேரம் வாங்கிக் கொடுக்கும் பணம் அது. 2007-இல் அதைப் பெற்ற பெஞ்ச் பாசெக், ஜஸ்டின் பால் ஜோடி பத்து ஆண்டுகள் கழித்து டோனி வென்றது. உதவி இசையமைப்பாளர்களுக்கும் பாடலாசிரியர்களுக்கும் கதை-வசனம் எழுதுபவர்களுக்கும் உரியது. டிராமடர்க்குகள் அந்தப் பட்டியலில் இல்லை.